சைன்அப் ஆகிறது, லாகின் மட்டும் எப்போதும் "பாஸ்வேர்டு தவறு" என்கிறது

கேள்வி:
வணக்கம். நான் கல்லூரி இறுதியாண்டு மாணவன். எங்கள் ஊர் படிப்பகத்தில் புத்தகம் முன்பதிவு செய்ய ஒரு வெப்சைட் எழுதுகிறேன். முன்னால் ரியாக்ட், பின்னால் நோட், எக்ஸ்பிரஸ், டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல். பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், பிகிரிப்ட்டில் ஹேஷ் செய்கிறேன், அதாவது திரும்பப் படிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றி வைக்கிறேன். லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சர்வரில் ஏற்றிய பிறகு சைன்அப் ஆகிறது, டேபிளிலும் பதிவு விழுகிறது. ஆனால் லாகின் செய்தால் "பாஸ்வேர்டு தவறு". எரர் எதுவும் வரவில்லை. மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ராத்திரி, பாஸ்வேர்டை ஹேஷோடு ஒப்பிடும் கம்பேர் வரியில் இருந்த அவெய்ட்டை (விடை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் சொல்) எடுத்துப் பார்த்தேன், உடனே லாகின் ஆகிவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த அவெய்ட்டைத் திரும்பப் போடுங்கள். கம்பேர் கையோடு விடை தராது, விடை பிறகு வரும் என்று சொல்லும் ஒரு பிராமிஸைத்தான் தரும். பிராமிஸ் ஒரு ஆப்ஜெக்ட். இஃப்புக்குள் எந்த ஆப்ஜெக்ட் வந்தாலும் ட்ரூ என்றே கணக்கு. அப்படியானால் இப்போது யார் எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் உள்ளே போகலாம். தப்பான பாஸ்வேர்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். அவெய்ட் இல்லாமல் ஓடிய நேரத்தில் உருவான செஷன்களையும் (யார் லாகின் ஆகியிருக்கிறார் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவுகள்) அழித்துவிடுங்கள்.

இன்னொன்று: டேபிளில் இருக்கும் ஹேஷ் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஐயோ, "அஆஇ" என்று அடித்தாலும் உள்ளே விடுகிறது அண்ணா! அவெய்ட்டைப் போட்டுவிட்டேன், செஷனையும் அழித்துவிட்டேன். ஹேஷ் சரியாக 50 எழுத்து இருக்கிறது. சைன்அப் நேரத்தில் கன்சோலில் வருவது இதைவிட நீளம்.

பதில் 1:
சிக்கல் அங்கேதான். பிகிரிப்ட் ஹேஷ் 60 எழுத்து. முதல் 7 எழுத்தில் டாலர் குறிகளோடு வகையும் காஸ்ட் எண்ணும் (கணக்கு எவ்வளவு கடினம் என்பது) இருக்கும், அடுத்த 22 சால்ட் (ஒவ்வொரு ஹேஷுக்கும் தனியாகச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்), கடைசி 31தான் உண்மையான ஹேஷ். சர்வரில் டேபிளைக் கையால் உருவாக்கி வார்ச்சார் 50, அதாவது அதிகபட்சம் 50 எழுத்து, என்று கொடுத்திருப்பீர்கள். அங்கே ஸ்ட்ரிக்ட் மோட் (அளவு மீறினால் எரர் தரும் அமைப்பு) ஆஃப் ஆகியிருந்தால், மைஎஸ்க்யூஎல் மிச்சத்தை வெட்டிவிட்டு வெறும் வார்னிங் கொடுக்கும். உங்கள் கோடுக்கு அது எரராக வந்து சேராது. வால் போன ஹேஷோடு சரியான பாஸ்வேர்டும் பொருந்தாது.

ஹேஷ் இருக்கும் அந்த நெடுவரிசையை வார்ச்சார் 255 ஆக்குங்கள், ஸ்ட்ரிக்ட் மோடை ஆன் செய்யுங்கள். வெட்டுப்பட்ட 10 எழுத்தை மீட்க வழியில்லை. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு ரீசெட் லிங்க் அனுப்பியே ஆக வேண்டும். அந்த லிங்கில் இருக்கும் டோக்கன் (ரகசியக் குறி) ஒரு முறைதான் செல்ல வேண்டும், சீக்கிரம் காலாவதியாகவும் வேண்டும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது அண்ணா, ரொம்ப நன்றி! 14 பேருக்கும் லிங்க் அனுப்பினேன். ஒருவருக்கு மட்டும் சிக்கல். போனில் பாஸ்வேர்டு மாற்றினார், போனில் லாகின் ஆகிறது, படிப்பகக் கம்ப்யூட்டரில் ஆகவில்லை. பாஸ்வேர்டு தமிழில் வைத்திருக்கிறாராம், அதில் "கொ" வருகிறதாம்.

பதில் 2:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இதில் நானும் மாட்டியிருக்கிறேன். யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாக வரலாம். க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், பைட் கணக்கில் ஒன்று 6, மற்றது 9. ஹேஷ் அடியோடு மாறிவிடும். கீபோர்டுக்குக் கீபோர்டு இது வேறுபடலாம். இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து எழுதும்) வடிவத்தில் சைன்அப், லாகின், ரீசெட் மூன்று இடத்திலும் ஹேஷுக்கு முன்னால் போடுங்கள்.

தமிழ்ப் பாஸ்வேர்டை அனுமதிப்பது நல்ல விஷயம், தடுத்துவிடாதீர்கள். ஆனால் பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், ஆக 24 குறியீட்டோடு சரி. நீளத்தை எழுத்தாக எண்ணாமல் பைட்டாக எண்ணி, தாண்டினால் பயனரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
மூன்று இடத்திலும் போட்டு, அவரை இன்னொரு தடவை ரீசெட் செய்யச் சொன்னேன். இப்போது கம்ப்யூட்டரிலும் நுழைந்துவிட்டார். ஒரு புத்தகமும் பதிவு செய்திருக்கிறார்!