தங்கச்சிக்கு 1500 மீற்றரா, கிராஸ் கன்ட்ரியா?

வணக்கம். மட்டக்களப்பில் ஓட்டப் பயிற்சி அனுபவம் உள்ள அண்ணாமார், அக்காமாரிடம் ஒரு ஆலோசனை வேண்டும்.

என் தங்கச்சிக்கு 16 வயது. வெபர் மைதானத்தில் 1500 மீற்றர் பழகுகிறாள். மூன்றே முக்கால் சுற்று. மூன்றாவது சுற்று முடியும்வரை முன்னுக்குத்தான் நிற்பாள். கடைசி 200 மீற்றரில் தோள் இறுகி, கை அகலத் தொடங்கும், மற்றப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் கல்லடிக் கடற்கரை மணலில் விட்டால் களைப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துத்தான் பழக்குகிற சேர் கிராஸ் கன்ட்ரிக்கு, அதாவது மைதானத்துக்கு வெளியே புல், மேடு பள்ளம் வழியாக ஓடும் நீண்ட ஓட்டத்துக்கு, மாறச் சொல்கிறார். உலகப் போட்டியில் 20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அது 6 கிலோமீற்றர்.

எனக்குப் பயம் மேடுதான். நம்ம ஊர் தட்டை நிலம். நுவரெலியா மாதிரி 1,800 மீற்றர் உயரத்துக்கு மேலான இடத்தில் ஓட வந்தால் சமாளிப்பாளா? கல்லடிப் பாலத்து ஏற்றத்தில் பழகினால் போதுமா?

நீண்ட ஓட்டம் 1500க்கும் பலம் தரும், அதனால் இரண்டையும் விடாமல் செய்யலாம் என்றே எனக்குப் படுகிறது. சாதாரண தரப் பரீட்சையும் வருகிறது. இப்படி இரண்டும் ஓடியவர்கள் கிழமையில் எந்த நாளை எதற்கு ஒதுக்கினீர்கள்? அப்புறம், அடிக்கடி மணலில் ஓடினால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் பாதிக்குமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.