புதுப்பிப்பு: வயதாகும் விரல்கள், மகள், விட்டுச்செல்வது

வயது ஏறிவரும் நிலையில் கச்சேரிகளைக் குறைத்துக்கொள்ளலாமா என்றும், வயலினில் நாட்டமில்லாத மகளுக்கு எதை விட்டுச்செல்வது என்றும் முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

செவித்திறனைப் பரிசோதித்துக்கொண்டேன். வயதாகும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகளே என்பதாலும், வயலின் வாசிப்பவரின் இடது காது கருவிக்கு மிக அருகில் இருப்பதாலும், மேல் ஸ்தாயி, அதாவது உயர்ந்த ஸ்வரங்கள், சரியாகக் கேட்காமல்தான் அங்கே நான் வில்லை அளவுக்கு மீறி அழுத்திவந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. 85 டெசிபல் அளவு ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. 3 டெசிபல் கூடினாலே அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. ஆகவே காதடைப்பானுடன் பயிற்சி செய்கிறேன். கச்சேரிகளை நிறுத்தவில்லை.

மகளைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அவளுக்கு ஒலிப்பதிவில் ஆர்வம் என்பதால், என் ஆசிரியரிடம் கற்ற வில் பயிற்சிகளை நான் மெதுவாக வாசிக்க, அவள் பதிவுசெய்கிறாள். மோதிர விரல் தந்தியில் நகரும் முன் வில்லின் அழுத்தத்தை ஏன் தளர்த்துகிறீர்கள் என்று அவள் கேட்டது, என் மாணவர்களே கவனித்திராத இடம். நகரும் ஓசை கேட்காதிருக்க என்றேன். அதையும் பதிவின் குறிப்பில் எழுதிக்கொண்டாள். குடும்பத்தில் ஒருவர் வாசிப்பதைவிட, முகமறியாத ஒரு மாணவருக்கு இக்குறிப்பு போய்ச்சேர்வதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இடது கைப் பயிற்சிகள் பாக்கி இருக்கின்றன; விரல்கள் இளகியிருக்கும் மாலை வேளைகளில் அவற்றைப் பதிவுசெய்யவிருக்கிறோம்.