மசாலா ஆரஞ்சு காக்டெய்ல்: கசப்பும் போகவில்லை, சுவையும் எழும்பவில்லை

கேள்வி: ரம் 60 மி.லி., ஆரஞ்சுச் சாறு 45, மசாலாப் பாகு 20. பாகில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். நாக்கில் கசப்பு ஒட்டுகிறது, மொத்தத்தில் சப்பென்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில் 1: அரை மணி நேரம் ரொம்ப அதிகம். கசப்பு, தோலின் உள்பக்க வெள்ளையிலிருந்தும் வெந்துபோன கிராம்பிலிருந்தும் வருகிறது. சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 100 மி.லி., விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு 3. சர்க்கரை கரைந்ததும் சிறுதீயில் 5 நிமிடம் போதும். அடுப்பை அணைத்த பிறகே தோலைப் போட்டு மூடுங்கள். 20 நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். சீவிய தோலில் வெள்ளை தெரிந்தால் கத்தியைச் சாய்த்துச் சுரண்டி எடுங்கள். பட்டைப்பொடி வேண்டவே வேண்டாம், பாகு கொழகொழவென்று ஆகிவிடும்.

பதில் 2: சப்பென்று இருப்பது புளிப்பு போதாததால். ஆரஞ்சை 30 ஆக்கி, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மி.லி. சேருங்கள். ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு 12 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். வெளியே பனி பூத்துக் கை விறைக்கும், அதுதான் பதம். ஐஸைக் குறைத்தால் சட்டென்று உருகி நீர்த்துவிடும்.

கேள்வி: மீதிப் பாகு?

பதில் 1: சுத்தமான பாட்டிலில், ஃபிரிட்ஜில் 2 வாரம். கலங்கினால் கொட்டிவிடுங்கள்.