பழைய ஸ்கார்பியோ, பொலேரோ வச்சிருக்கவங்க சொல்லுங்க: பராமரிப்புல மறக்க முடியாத அனுபவம்

சேலத்துக்காரன்:
2010 ஸ்கார்பியோ, 1,62,000 கி.மீ. ஓடியிருக்கு. இன்ஜின் ஆயில் தேதி தவறாம மாத்துவேன், அதுக்குன்னே தனி நோட்டு இருக்கு. பிரேக் ஆயிலை மட்டும் நாலு வருஷமா தொடல. லெவல் இருக்குல்லன்னு விட்டுட்டேன்.

போன மாசம் கொல்லிமலைலேருந்து காரவள்ளி பக்கம் இறங்கிட்டிருந்தோம். வண்டில ஏழு பேர். எழுபது கொண்டை ஊசியில பாதி தாண்டியிருப்போம், பெடல் சேத்துக்குள்ள கால் வச்ச மாதிரி உள்ள போச்சு. மறுபடி மிதிச்சேன், தரையைத் தொட்டுச்சு. வண்டி நிக்கல. ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப்பக்கமா ஒதுக்கி உரசி நிறுத்தினேன். அந்தக் குலுக்கல்ல முழிச்ச எங்கம்மா பின்னாடியிருந்து "ஊரு வந்துருச்சா கண்ணு?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாய் வரல.

ஒரு மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி மேல வந்துருச்சு. எனக்கு அதுதான் இன்னும் பயமா இருக்கு. பேடு, டிஸ்க், ஆயில், ப்ளீடிங் (பிரேக் குழாயில இருக்கிற காத்தை வெளியேத்தறது) எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆச்சு. ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாத்தியிருந்தா ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்.

வேலூர் பொலேரோ:
என் கதை தண்ணி. ரேடியேட்டருக்கு மூணு வருஷமா வீட்டு போர் தண்ணிதான். வாணியம்பாடி தாண்டும்போது ஹீட் முள்ளு சிவப்புக்கு ஏறிடுச்சு. நான் கவனிக்கறதுக்குள்ள ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில கசியாம அடைக்கிற தகடு, போச்சு. ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்பி, ரேடியேட்டரும் புதுசு போட்டு 31,000. மெக்கானிக் பழைய ரேடியேட்டரைப் பிரிச்சுக் காட்டினார். இட்லி குண்டான் அடியில படியிற உப்பு மாதிரி வெள்ளையா பாறை. ஸ்க்ரூ டிரைவரால ஒரு சில்லு பேத்து என் கையில வச்சார். அந்தச் சில்லு இன்னும் டேஷ்போர்டுலதான் கிடக்கு.

மலைரோடு:
சேலத்துத் தம்பி, ஆயில் மேல பழி போடாதீங்க. எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கணும். மூணாவதுல விட்டுட்டு பிரேக்லயே காலை வச்சிருந்தா புது ஆயில்கூட தாங்காது. எனக்கும் ஏற்காட்டு இறக்கத்துல ஒரு தடவை சக்கரத்துல புகை வந்துச்சு, அன்னைக்குக் கத்துக்கிட்டேன்.

அப்புறம் டயரைப் பாருங்க. பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 2316ன்னா 2016ல 23வது வாரம் செஞ்சது. ரோட்டைப் பிடிக்கிற மேல்கட்டை இன்னும் தேயலன்னு பழைய டயரை நம்பாதீங்க. யூஜே கிராஸுக்கு (வண்டிக்கு அடியில சக்கரத்துக்கு சுழற்சியைக் கொண்டுபோற ஷாஃப்ட்டோட மூட்டு) ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிரீஸ் அடிச்சாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. டீசல் ஃபில்டர்ல தண்ணி வடிக்கணும். வேலூர்க்காரர் இனிமே கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. தம்பி, உங்க வண்டிக்கு 15 வருஷம் ஆயிடுச்சுன்னா ஆர்.சி. புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அதுக்கான கட்டணத்தையே 5,000 ஆக்கினாங்க, பசுமை வரி தனி. அதையும் கணக்குல வைங்க.

சேலத்துக்காரன்:
அண்ணே, நான் இறங்குனது ரெண்டாவது கியர்லதான். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். சூடேறினா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகுது, நாம மிதிக்கிற அழுத்தம் ஆவியை நசுக்கறதோட நின்னுடுது, சக்கரத்துக்குப் போறதில்ல. ஆறினதும் பெடல் திரும்பி வந்ததுக்கு வேற என்ன காரணம் சொல்வீங்க?

மெக்கானிக் பழைய ஆயிலை ட்யூப் போட்டு ஒரு தண்ணி பாட்டில்ல இறக்கினார். காபி டிகாஷன் நிறம். பக்கத்துல புது ஆயில், விளக்கெண்ணெய் மாதிரி தெளிவா. ரெண்டையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.