பேத்தியைப் பார்க்கச் சனி, ஞாயிறு போதுமா?

வைகைக்கரை (மதுரை):

போன வெள்ளிக்கிழமை இரவு நானும் மனைவியும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, சனிக்கிழமை விடியும் முன்பே தாம்பரத்தில் இறங்கினோம். மகன் வீடு நாவலூரில் இருக்கிறது. அவனும் மருமகளும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். பேத்திக்கு 14 மாதம். ஞாயிறு இரவே திரும்ப டிக்கெட் எடுத்திருந்தோம். கணக்குப் பார்த்தால் 40 மணி நேரம்கூட அந்த வீட்டில் இருக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்கக் குழந்தை எங்களிடம் வரவே இல்லை. அப்பத்தா கையை நீட்டினால் உதடு பிதுங்கும். உடனே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். என் கண்ணாடியைக் கண்டு பயப்படுகிறாளோ என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, பாதி தெரிந்தும் தெரியாமலும் ஒரு நாள் முழுக்க நடமாடினேன். பலன் இல்லை.

ஞாயிறு மாலை நான்கு மணி இருக்கும். ஊருக்குக் கிளம்பத் தரையில் உட்கார்ந்து பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளாகவே தத்தித் தத்தி வந்தாள். என் கட்டைவிரலைப் பிடித்துப் பையின் ஜிப்பில் வைத்தாள். திறந்தேன். திரும்பவும் விரலைப் பிடித்து இழுத்தாள். மூடினேன். இப்படி இருபது முறையாவது திறந்து மூடியிருப்போம். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு. ஆறரைக்குக் கார் வந்துவிட்டது.

எங்களை அவள் அறிந்துகொள்ளத் தொடங்கும் நேரத்தில் நாங்கள் கிளம்ப வேண்டியிருக்கிறது. பத்து நாள் தங்குகிறோம் என்றால் மகன் தயங்குகிறான். "சனி, ஞாயிறு வாருங்கள் அப்பா, அப்போதுதான் நாங்கள் வீட்டில் இருப்போம்" என்கிறான். பெற்ற பிள்ளையின் வீட்டுக்குப் போவதற்கு நாள் குறித்து வாங்க வேண்டுமா? தாத்தாவும் அப்பத்தாவும் விருந்தாளிகள் அல்ல. விரும்பும்போது வரவும், விரும்பும் வரை இருக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.


இரட்டைப்பணி (சென்னை):

ஐயா, எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. மனம் நோகாமல் கேளுங்கள்.

நானும் வேலைக்குப் போகும் தாய். மகனுக்கு ஒன்றரை வயது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்தரைக்கு எழுந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் முதுகு தரையில் படுகிறது. தடுப்பூசி, வாரம் முழுவதற்குமான இட்லி மாவு, மலைபோலக் குவிந்த துணி, மளிகை எல்லாம் சனி, ஞாயிறுக்காகக் காத்திருக்கும். பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை குழந்தை தூங்கும்போது நானும் தூங்குவேன். அந்த நான்கு மணி நேரம்தான் ஒரு வாரத்தில் எனக்கென்று கிடைப்பது.

விடியும் முன் வந்து சேரும் ரயிலுக்கு உங்கள் மகன் எத்தனை மணிக்கு எழுந்து தாம்பரம் வந்திருப்பார்? நீங்கள் பேத்தியின் சிரிப்பை எழுதினீர்கள், படித்துக் கண் கலங்கினேன். ஆனால் அந்த இரண்டு நாளும் உங்கள் மருமகள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

உரிமை என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. குழந்தையின் மேல் உங்களுக்கு இருப்பது பாசம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் நேரம் அங்கே வாழ்கிற இருவருக்குச் சொந்தமானது. "எப்போது வரட்டும்?" என்று கேட்பதால் தகப்பன் என்ற மரியாதை எந்த விதத்திலும் குறையாது.


காவிரிப்பாட்டி (திருவையாறு):

மகளே இரட்டைப்பணி, உன் அலுப்பு எனக்குத் தெரியும். நானும் வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். ஆனால் எங்கள் பக்கத்தையும் கேள்.

2017இல் செய்த சட்டத் திருத்தத்தால் பிரசவ விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. நல்ல சட்டம். அந்த 26 வாரம் முடிந்த மறுநாள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? என் மகள் வீட்டில் நான்தான் பார்த்தேன். ஏழு மாதம் தங்கினேன். என் கணவர் திருவையாற்றில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். குழந்தைக்கு ஒரு வயதானதும் காப்பகத்தில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு, "அம்மா, இனி சனி, ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போ" என்றாள் என் மகள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஏழு மாதம் என் மடியில் தூங்கிய குழந்தையைப் பார்க்க, கைப்பையோடு வாசலில் நின்று அழைப்பு மணி அடித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

தேவைப்படும்போது வீட்டு மனுஷி, தேவை முடிந்ததும் விருந்தாளி. இதைத்தான் வைகைக்கரை ஐயா கேட்கிறார் என்று நினைக்கிறேன்.


வெண்சீருடை (திருச்சி):

குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். யாருக்கு உரிமை என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. ஐயா எழுதிய ஒரு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

குழந்தை உங்களை ஒதுக்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் தொடங்கி, ஒரு வயதை ஒட்டிய மாதங்களில் பழகாத முகத்தைக் கண்டால் அழுவது எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பு. யார் என்னை வளர்ப்பவர், யார் புதியவர் என்று பிரித்தறியும் அறிவு வளர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இதற்காகக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். வந்ததும் வாரி எடுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, கையில் ஏதாவது வேலை செய்துகொண்டிருங்கள். ஞாயிறு மாலை பை அடுக்கும்போது நீங்கள் அறியாமல் செய்ததும் அதுதான். சனிக்கிழமை காலையே செய்திருந்தால் அவள் இன்னும் முன்னதாக வந்திருக்கலாம்.

இரண்டு வருகைகளுக்கு நடுவே வீடியோ அழைப்பில் பேசுங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. ஆனால் உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு விலக்கு உண்டு. தினம் ஐந்து நிமிடம் போதும்.

ஊரிலிருந்து எடுத்துப் போகும் தின்பண்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலை மிட்டாய், முழு நிலக்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றை இந்த வயதுக் குழந்தையின் கையில் தரவே கூடாது. மூச்சுக்குழலில் கடலை சிக்கி ஓடி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஆசையாகக் கொடுத்தவர்தான் அழுதுகொண்டே தூக்கி வருவார்.


வைகைக்கரை:

அம்மா வெண்சீருடை, நன்றி. தள்ளி உட்கார வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இரட்டைப்பணி, உங்கள் கேள்வி என்னைச் சுட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். மருமகள் சமையலறையில்தான் இருந்தாள். சனி காலை பொங்கல், மதியம் ஐந்து வகை, இரவு அடை. என் மனைவி உதவப் போனால், "நீங்கள் உட்காருங்கள் அத்தை, இரண்டு நாள்தானே இருக்கப்போகிறீர்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையிலேயே தலை சாய்த்து அவள் கண் மூடியதைப் பார்த்தேன். அதைப் பார்த்தும் இங்கே எழுதாமல் விட்டது தவறுதான்.

ஆனால் எங்கள் சிரமத்தையும் எழுதியாக வேண்டும். எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு முன்பு ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான். முன்பதிவும் 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பும் டிக்கெட்டுக்கு ஊரே மோதுகிறது. இந்த முறை மனைவிக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்கவில்லை. முழங்கால் வலியோடு நடுப் படுக்கையில் ஏறினாள். இத்தனையும் 40 மணி நேரத்துக்கு. அதனால்தான் பத்து நாள் கேட்கிறேன்.


நெல்லைச்சீமை (மேடவாக்கம்):

ஐயா, நான் உங்கள் மகனின் இடத்தில் இருப்பவன். பத்து நாளா, இரண்டு நாளா என்பதை விட்டுவிட்டு, எந்த நாள் என்று பாருங்கள்.

என் அப்பாவும் அம்மாவும் முன்பு சனி, ஞாயிறுதான் வந்தார்கள். நீங்கள் சொன்ன அதே கதை. விருந்து, அலுப்பு, ஞாயிறு இரவு எல்லோருக்கும் ஒரு வெறுமை. இப்போது திங்கள் பகல் ரயிலில் வந்து வெள்ளி காலை கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் அலுவலகம் போய்விடுவதால் யாரும் யாருக்கும் விருந்து வைப்பதில்லை. அம்மா அவர்களுக்குப் பிடித்த குழம்பை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். மாலை நான்கரைக்கு அப்பா காப்பகத்திலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். வழியில் ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது. அங்கே தினமும் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் வருவார்கள். ஒரு நாள் எங்களோடு காரில் போகும்போது, அந்த இடம் வந்ததும் பையன் "தாத்தா, மா" என்றான். அந்தக் கொட்டகை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு வைகை எக்ஸ்பிரஸ் இருக்கிறதே. பகல் பயணம், உட்கார்ந்தே வந்துவிடலாம். படுக்கையில் ஏறும் தொல்லையும் இல்லை, மகன் நடு இரவில் எழ வேண்டியதும் இல்லை.


காவிரிப்பாட்டி:

தம்பி, உன் வீட்டில் நன்றாக நடக்கிறது என்றால் சந்தோஷம். ஆனால் எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. நீங்கள் இல்லாத நாளில் நாங்கள் வருவது என்றால், என் மகளோடு நான் எப்போது பேசுவது? பேரனை மட்டும் பார்க்கவா ரயில் ஏறுகிறேன்? நான் பெற்றவளையும் பார்க்கத்தானே வருகிறேன். இரவு ஒன்பதுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே மடிக்கணினியைத் திறப்பவளிடம் என்ன பேசுவது? சனிக்கிழமை மதியம் அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே பேசிய பேச்செல்லாம் புதன்கிழமை கிடைக்குமா?

பேரன், பேத்தியைச் சொல்லிச் சொல்லி, பெற்ற பிள்ளையைப் பார்க்கும் ஆசையை நாங்கள் வெளியே சொல்வதே இல்லை.


இரட்டைப்பணி:

அம்மா, கடைசி வரியைப் படித்துவிட்டு என் அம்மாவுக்கு போன் செய்தேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

நெல்லைச்சீமை சொல்வது நல்ல வழி. ஆனால் வார நாளில் குழந்தையை ஒப்படைப்பது என்றால், சாப்பாடு, தூக்கம், மருந்து எல்லாவற்றிலும் தாய் சொல்வதுதான் முடிவு என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் பையனுக்குச் சளி பிடித்தபோது, எட்டு மாதக் குழந்தைக்கு எனக்குத் தெரியாமல் தேன் குழைத்து நாக்கில் தடவினார்கள் என் வீட்டுப் பெரியவர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதிலுள்ள கிருமி நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைக் குழந்தையின் குடலில் உண்டாக்கக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒன்றும் ஆகவில்லை என்பது என் நல்ல காலம். "நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?" என்று கேட்டார்கள். வளர்த்தீர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.


வெண்சீருடை:

தேன் விஷயத்தில் இரட்டைப்பணி சொல்வது முழுக்கச் சரி.


வைகைக்கரை:

எப்போதும் மகனிடம்தான் நாள் கேட்பேன். நேற்று முதல் முறையாக மருமகளுக்கே போன் செய்தேன். "உனக்கு எந்த நாள் வந்தால் உதவியாக இருக்கும் அம்மா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: "மாமா, காப்பகத்தில் கடைசியாக வீட்டுக்குப் போகும் குழந்தை நம் பாப்பாதான். நான் ஆறே முக்காலுக்குப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டு, ஆயா அவளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். நீங்கள் நாலரைக்குப் போய்க் கூட்டி வந்தால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்."

இது மகன் சொல்லித் தெரிந்ததல்ல. அவனுக்கே தெரியுமா என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் திங்கட்கிழமை வைகையில் கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்புகிறோம். சத்துமாவு அரைத்து வரச் சொன்னாள். சர்க்கரையோ கருப்பட்டியோ கலக்க வேண்டாம் என்றாள். கருப்பட்டி உடம்புக்கு நல்லதாயிற்றே என்று மனைவிக்குக் குறைதான். இருந்தாலும் சரி என்றுவிட்டாள். காவிரிப்பாட்டி அம்மா சொன்னதை மறக்கவில்லை. மகனோடு உட்கார்ந்து பேச இதில் நேரம் கிடைக்காது. பத்து நாள் ஆசையும் எனக்கு அப்படியே இருக்கிறது, அதை விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

காப்பகத்தில் குழந்தையை எங்கள் கையில் தர வேண்டுமென்றால் இருவரின் புகைப்படமும் ஆதார் நகலும் முன்கூட்டியே கொடுக்க வேண்டுமாம். நாளைக் காலை ஸ்டுடியோவுக்குப் போகிறோம். கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும் என்கிறாள் மனைவி. ஞாயிறு மாலை பேத்தி தேடி வந்தது அந்த முகத்தைத்தானாம்.