ஸெர்மாட் மரவீட்டுக்கு அடியில எதுக்கு வட்டக்கல்லு?

ஊர்சுத்தி:
மக்களே, ஸ்விஸ்ல ஸெர்மாட் போட்டோஸ் பாத்துட்டு இருந்தேன், ஊருக்குள்ளயே கன்னங்கரேல்னு பழைய மரவீடுங்க, அதுல சிலது கட்டையா கால் வெச்சு நிக்குது, காலுக்கும் வீட்டுக்கும் நடுவுல தோசைக்கல்லு சைஸுல ஒரு வட்டக்கல்லு. எதுக்கு அது? கறுப்பு பெயிண்டா, இல்ல தீப்பிடிச்சதா?

மரத்தச்சன்:
கால் மேல நிக்குறது வீடே இல்லங்க, களஞ்சியம். ஷ்டாடெல்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்துல அந்த மலையில ரை தான் முக்கிய தானியம், கதிரை அறுத்து கட்டு கட்டா உள்ள அடுக்கி காய விட்டு அங்கயே அடிச்சுடுவாங்க. எலி மரக்கால்ல சர்ருனு ஏறிடும், ஆனா கல்லு காலை விட நல்லா வெளிய நீட்டிட்டு இருக்கறதால அதோட அடிப்பக்கத்துல தலைகீழா தொங்கிட்டே விளிம்பு வரைக்கும் போய் மேல ஏறணும், அங்க தான் மாட்டிக்கும். அடியில காத்து ஓடுறதால ஈரமும் ஏறாது, ஒரே கல்லுல ரெண்டு வேலை.

கறுப்பு வெறும் வெயிலு தான். லார்ச் மரம், பிசின் ஜாஸ்தி, வெயில் படுற பக்கம் கருகின மாதிரி ஆகிடும், நிழல் பக்கம் சாம்பல் கலர்ல இருக்கும்.

வன்னியான்:
நான் சுவிஸிலதான் இருக்கிறன். அந்தப் பகுதிக்கு ஹின்டர்டோர்ஃப் எண்டு பேர், 16ஆம் நூற்றாண்டில இருந்து 18 வரைக்கும் கட்டினதுகள். குடியிருக்கிற வீடு வேற மாதிரி, குசினியை மட்டும் கல்லால கட்டியிருப்பினம் நெருப்புக்குப் பயந்து, முன்னறை மரம். அந்த அறையில மாக்கல் அடுப்பு ஒண்டு இருக்கும், விறகு போடுறது குசினிப் பக்கத்தால, அதால அறைக்குள்ள புகையே வராது. கூரைக்கு ஓடு இல்லை, பாறையைத் தகடாப் பிளந்து போட்டிருக்கு, சரியான பாரம்.

ஊர்சுத்தி:
செம. ஆனா அடுக்கின மரம் காஞ்சு சுருங்கினா சுவரே இறங்கிடாதா?

மரத்தச்சன்:
இறங்கும், கண்டிப்பா இறங்கும். மூலையில மரத்தை வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கறதால மொத்தச் சுவரும் சேந்து கீழ வரும், அதுக்குனே ஜன்னல் நிலைக்கு மேல இடைவெளி விட்டுடுவாங்க, விடலனா கண்ணாடி நொறுங்கிடும். இப்போ நிறைய ஹோட்டல்ல கான்கிரீட் மேல பலகை ஒட்டி ஷாலேனு, அதாவது மலை மரவீடுனு, போர்டு வெக்கறாங்க, அதுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

வன்னியான்:
வாறதெண்டா பிரியென்ஸ் பக்கத்தில பாலன்பெர்க் மியூசியத்துக்கும் போங்கோ, 1978ல திறந்தது, நாடு முழுக்க இருந்து பழைய வீடுகளைக் கழட்டிக் கொண்டுவந்து திருப்பிப் பொருத்தி வச்சிருக்கினம், உள்ளுக்கும் போய்ப் பாக்கலாம். குளிர்காலத்தில பூட்டு.