மச்சான் கார் கணக்கில் வருமா? (தென்காசி டூ பாங்காக்)

பண்பொழிப் பாண்டி
நேற்று இரவு இந்த இணைய மன்றத்தின் பக்கத்துத் திரியில் சாரல் மன்னன் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. படிக்காதவர்களுக்காக அப்படியே ஒட்டுகிறேன்:

"புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மூணாறு போவது வடிகட்டிய முட்டாள்தனம். அதே காசில் பாங்காக் போனால் தேனிலவும் ஆச்சு, ஷாப்பிங்கும் ஆச்சு. நாங்கள் இருவர், ஐந்து நாள், தென்காசி வீட்டுப் படியிலிருந்து வீட்டுப் படி வரை 58,000 ரூபாய்."

கீழே கணக்கும் போட்டிருக்கிறார். விமானம் 31,000. அறை நான்கு இரவுக்கு 9,000. சாப்பாடும் ஊர் சுற்றலும் 8,000. ஷாப்பிங் 10,000. கூட்டல் சரி. ஆனால் விமானம் ஏறியது நெடும்பாசேரியில், அதாவது கொச்சி விமான நிலையத்தில். தென்காசியிலிருந்து அது 200 கிலோமீட்டருக்கு மேல். வீட்டுப் படியிலிருந்து அங்கே எப்படிப் போனார், பறந்தா? டாக்சி எங்கே?

சாரல் மன்னன்
வந்துவிட்டீர்களா? எங்கேயடா பாண்டியைக் காணோம் என்று நினைத்தேன். பொறாமைக்கு ஐந்தருவியில் குளித்தாலும் மருந்து இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசாவை எடுத்தது. இரண்டு பேர் விசாக் காசு அங்கேயே மிச்சம். சனி, ஞாயிறு என்றால் சத்துசாக் சந்தை. நம்ம பாவூர்சத்திரம் சந்தையைப் போல எத்தனையோ மடங்கு, நடந்து முடியாது. துணிக்கு பிரதூனம், மொத்த விலைக் கடைகள். ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் விலை இறங்கும். என் வீட்டுக்காரி ஆறு டாப்ஸ் எடுத்தாள். சாயங்காலம் சாவ் பிரயா ஆற்றில் படகு, எதிரே வாட் அருண் கோபுரம் விளக்கில் மின்னும். இதைவிட ரொமான்ஸ் வேண்டும் என்றால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

டாக்சி பிடிக்கவில்லை. மச்சான் காரில் போனோம். அதனால் கணக்கில் வராது.

பண்பொழிப் பாண்டி
மச்சான் கார் கணக்கில் வராதா? டீசல் ஊற்றினீர்களா, தண்ணீர் ஊற்றினீர்களா?

ஓய்வு பெற்ற வாத்தியார்
நண்பர்களே, 'குறைந்த செலவு' என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொள்வோம். ஒரு நாளைக்கு ஆகும் செலவா, மொத்தச் செலவா, புறப்படும் ஊரையும் சேர்த்தா? அதைச் சொல்லாமல் பேசினால் இது முடியாது. இன்னொன்று, தை மாதம் என் மகனுக்குக் கல்யாணம். ஒன்றரை லட்சத்துக்குள் எங்கே அனுப்பலாம்?

ஆரியங்காவு அண்ணாச்சி
இருபது வருடமாக இந்த ரூட்டில் வண்டி ஓட்டுகிறேன், நான் சொல்கிறேன். மஞ்சள் போர்டு வண்டி என்றால் கேரளா பர்மிட் எடுக்க வேண்டும். டிரைவர் பேட்டா உண்டு. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வரும் கிலோமீட்டருக்கும் காசு. இதெல்லாம் இல்லாமல் 'வீட்டுப் படி' என்று எழுதக் கூடாது தம்பி. மச்சான் வெள்ளை போர்டில் கொண்டுவிட்டார் என்றால் அது மச்சானுடைய செலவு. செலவே இல்லை என்று ஆகிவிடாது.

கம்பம் திராட்சை
மூணாறு போனால் முட்டாளா? எங்கள் ஊரிலிருந்து போடிமெட்டு ஏறினால் காலைச் சாப்பாட்டுக்கு மூணாறு. விமானமும் இல்லை, மச்சானும் தேவையில்லை. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030இல்தான். அந்த வருடம் மட்டும் எல்லாரும் எங்கள் ரோட்டில் வந்து வரிசையில் நிற்பீர்கள், அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

சாரல் மன்னன்
திராட்சை சார், டிசம்பர் கடைசி வாரம் மூணாறில் அறை கேட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு இரவுக்கு 9,000 சொன்னார்கள். அதே 9,000தான் எனக்கு பாங்காக்கில் நான்கு இரவு. ஷாப்பிங் என்று மூணாறில் என்ன இருக்கிறது? டீத்தூள், ஏலக்காய், வீட்டுச் சாக்லேட். அந்தச் சாக்லேட்டை யார் வீட்டில் செய்கிறார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

கம்பம் திராட்சை
டிசம்பர் கடைசி வாரத்தில் பாங்காக் அறை எவ்வளவு? நீங்கள் போனது செப்டம்பர் மழையில். அதையும் சொல்லுங்களேன்.

பண்பொழிப் பாண்டி
மழையில் மச்சான் கார் எவ்வளவு மைலேஜ் கொடுத்தது?

மார்த்தாண்டத்து மருமகள்
ஆண்கள் கூடினால் இப்படித்தான், காரை விட்டு இறங்க மாட்டீர்கள். நாங்கள் திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவு போனோம். விசா அங்கே இறங்கியதும் இலவசமாக முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். ரிசார்ட் வேண்டாம் என்று மாஃபுஷித் தீவில் விருந்தினர் விடுதி எடுத்தோம். ஊர்க்காரர்கள் வாழும் தீவு, அதனால் மது கிடையாது, நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை. எங்கள் வீட்டுக்காரருக்கு முதல் பாதியில் வருத்தம், எனக்கு இரண்டிலும் சந்தோஷம். கடல் ஒன்றுதான், ரிசார்ட்டுக்குத் தனி நீலம் கிடையாது.

ஆனால் ரிசார்ட் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அறை வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தூரத் தீவு என்றால் சீப்ளேன், அதாவது கடலில் இறங்கும் குட்டி விமானம், ஆளுக்குப் பல நூறு டாலர். அது பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்கால விமானத்தில் போய் இறங்கினால் தலைநகர் மாலேயில் ஒரு இரவு தண்டம்.

பண்பொழிப் பாண்டி
அக்கா வாயில் சர்க்கரை போட வேண்டும்! சீப்ளேன் காசைச் சேர்க்காமல் மாலத்தீவு மலிவு என்று சொல்வதும், மச்சான் காரைச் சேர்க்காமல் பாங்காக் மலிவு என்று சொல்வதும் ஒன்றுதானே? நெடும்பாசேரி போகாமல் பாங்காக் போக முடியுமா?

சாரல் மன்னன்
சீப்ளேன் ஓட்டுகிறவன் உங்கள் மச்சான் என்றால் அதுவும் கணக்கில் வராது. இது புரியாதா?

சரி, கார் வேண்டாம் என்றால் விடுங்கள். பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நள்ளிரவுக்கு மேல் செங்கோட்டை தாண்டும். காலையில் ஆலுவாவில் இறங்கினால் விமான நிலையம் பக்கம். ஸ்லீப்பரில் இருவருக்கும் சில நூறு ரூபாய். அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பாண்டிக்கு நிம்மதியாகத் தூக்கம் வரட்டும்.

ஆரியங்காவு அண்ணாச்சி
புதுப் பெண்ணை நடுராத்திரி பாலருவிக்கு பிளாட்பாரத்தில் உட்கார வைத்து, அப்புறம் ராத்திரி விமானம் வரை நெடும்பாசேரியில் பகல் முழுக்கக் காக்க வைக்கப் போகிறீர்கள். நல்ல ரொமான்ஸ்.

சாரல் மன்னன்
அந்த ரயிலைக் குறை சொல்லாதீர்கள் அண்ணாச்சி. செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை மூடியது 2010இல், அகலப்பாதையில் புனலூர் வரை வண்டி வந்தது 2018இல். நடுவே எட்டு வருடம் நாங்கள் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு மலை இறங்கினோம்.

மார்த்தாண்டத்து மருமகள்
ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. இலங்கையை யாருமே சொல்லவில்லையே? திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்புதான். நாங்கள் கண்டியிலிருந்து 'எல்லா' என்ற மலை ஊர் வரை ரயிலில் போனோம். கதவோரம் நின்றால் தேயிலை கையில் படும். அங்கே இருக்கும் ஒன்பது கண் பாலம் 1921இல் கட்டி முடித்தது, அதன் மேல் ரயில் வரும்போது படம் எடுக்க வெள்ளைக்காரர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆரியங்காவு அண்ணாச்சி
ஒன்பது கண்ணுக்கு விமானமா? செங்கோட்டை தாண்டி, கேரளப் பக்கம், எங்கள் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் இருக்கிறது. 1904இல் ரயில் ஓட ஆரம்பித்த பாதை. ரோட்டோரம் வண்டியை நிறுத்தினால் போதும், டிக்கெட் கிடையாது. இங்கே பிறந்தவனெல்லாம் அதன் கீழே ஒன்றுக்குப் போய்விட்டு, எல்லாவுக்குப் போய் செல்பி எடுக்கிறான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
'எங்கள்' கழுதுருட்டியா? பாலம் கட்டினபோது செங்கோட்டையும் திருவிதாங்கூர்தான் அண்ணாச்சி. 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. கொழிஞ்சாம்பாறையில் நாங்களெல்லாம் தமிழ் பேசிக்கொண்டு கேரளப் பக்கமே மாட்டிக்கொண்டோம், பேசுகிறோமா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம். ஷாப்பிங் என்றால் சிங்கப்பூர்தான். வாங்கும்போது கட்டும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியை, ஒரு கடையில் 100 சிங்கப்பூர் டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் திரும்பும்போது பெறலாம்.

சாரல் மன்னன்
சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அறை வாடகை கேட்டால் மயக்கம் வரும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் விடுகிறான், கோலாலம்பூர் போய்விட்டுப் போங்கள். ஒவ்வொன்றாக நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

பண்பொழிப் பாண்டி
ஒவ்வொன்றாகச் சொல்கிறீர்கள், மச்சான் காரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

மார்த்தாண்டத்து மருமகள்
ஷாப்பிங் என்றால் தங்கம் இல்லாமலா? துபாய் போங்கள். தேரா தங்கச் சந்தையில் நின்றாலே கண் கூசும். பெண்களுக்கு நாற்பது கிராம் வரை வரி இல்லை. டிக்கெட் காசை அதிலேயே எடுத்துவிடலாம்.

ஆரியங்காவு அண்ணாச்சி
அம்மா, தயவுசெய்து இதை எழுதாதீர்கள். யாராவது நம்பிப் போய் மாட்டிக்கொள்வார்கள். அந்த நாற்பது கிராம், ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து திரும்புகிறவர்களுக்கு. ஆணுக்கு இருபது. ஐந்து நாள் தேனிலவுக்குப் போனவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. என் வண்டியில் வந்த ஒரு ஜோடி விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் நின்றது. கல்யாண வளையல் எது, வாங்கின வளையல் எது என்று பிரித்துக் காட்ட முடியாமல் பெண் அழுதுவிட்டாள். 2024 ஜூலையில் தங்க இறக்குமதி வரியை 15இலிருந்து 6 விழுக்காட்டுக்குக் குறைத்தபோதே துபாய் லாபம் பாதி போய்விட்டது.

மார்த்தாண்டத்து மருமகள்
என் நாத்தனார் கொண்டுவந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆரியங்காவு அண்ணாச்சி
நாத்தனார் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்?

மார்த்தாண்டத்து மருமகள்
எட்டு வருடம். அதற்கும் இதற்கும் என்ன?

ஓய்வு பெற்ற வாத்தியார்
மகன் கல்யாணம் தை மாதம். ஒன்றரை லட்சம். மருமகளாக வரும் பெண்ணுக்குக் கூட்டம் பிடிக்காது, மலை பிடிக்கும். யாராவது பதில் சொல்லுங்கள்.

சாரல் மன்னன்
சார், பாரிஸ் என்று மட்டும் போய்விடாதீர்கள். விசா, விமானம் இரண்டுக்கே உங்கள் காசு கரைந்துவிடும். அங்கே ஒரு பாலத்தில் காதலர்கள் பூட்டு மாட்டி மாட்டி, 2014இல் கைப்பிடியில் ஒரு பகுதியே சரிந்து விழுந்தது. மறு வருடம் கழற்றினார்கள், சுமார் 45 டன். காதல் அத்தனை கனம் சார்.

வியட்நாம் பாருங்கள். இ-விசா 25 டாலர். ஹோய் ஆன் என்று ஒரு பழைய ஊர், யுனெஸ்கோ பட்டியலில் 1999இல் சேர்ந்தது. தெருவெல்லாம் காகித விளக்கு. தையல்காரர்கள் அளவெடுத்து ஓரிரு நாளில் கோட்டு தைத்துக் கொடுப்பார்கள். காதலும் ஷாப்பிங்கும் ஒரே தெருவில். கொச்சியிலிருந்து போகலாம். இதற்கும் ஒரு முழுக் கணக்கு என்னிடம் இருக்கிறது, நாளை போடுகிறேன்.

கம்பம் திராட்சை
அந்தப் பெண்ணுக்கு மலை பிடிக்கும், கூட்டம் பிடிக்காது என்று எழுதியிருக்கிறார். நீங்கள் தையல் கடைக்கு அனுப்புகிறீர்கள்.

சாரல் மன்னன்
உங்களுக்கு எல்லாமே மூணாறு. உலகம் போடிமெட்டில் முடிகிறது என்று நினைப்பவரோடு என்ன பேச?

பண்பொழிப் பாண்டி
நாளை போடும் கணக்கில் நெடும்பாசேரி வரை போக வரச் செலவு இருக்க வேண்டும். போன வருடம் இவர் முன்னின்று நடத்திய இலங்கைப் பயணத்தில் என் 1,200 ரூபாய் 'ரவுண்ட் ஆஃப்' ஆகிவிட்டது. இன்னும் வரவில்லை. இவர் கூட்டல் தெரிந்துதான் கேட்கிறேன்.

சாரல் மன்னன்
அதானே பார்த்தேன், 1,200 ரூபாய்தான் உள்ளே புகைகிறதா? அது வேன் டிரைவருக்கு எல்லாரும் சேர்ந்து கொடுத்த டிப்ஸ். நீங்கள் அப்போது நுவரெலியாவில் ஸ்வெட்டர் பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் வாங்கவும் இல்லை. வேனில் இருந்த பதினோரு பேரும் சாட்சி.

பண்பொழிப் பாண்டி
டிரைவருக்குக் கொடுத்தீர்கள் அல்லவா? மச்சானுக்கு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்
ஸ்வெட்டர் என்ன விலை சொன்னான்?

சாரல் மன்னன்
என் மச்சான் என் வீட்டு மனிதன். அவனுக்குக் காசு கொடுத்தால் செருப்பால் அடிப்பான். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச மாட்டேன். நாளை வியட்நாம், நாளை மறுநாள் இஸ்தான்புல். இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே கிராண்ட் பஜார் என்ற பெரிய சந்தை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், அதற்கேற்ப டிக்கெட் போட வேண்டும். இதெல்லாம் போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பண்பொழிப் பாண்டி
இஸ்தான்புல்லுக்கும் மச்சான் கார்தானே?

ஆரியங்காவு அண்ணாச்சி
வாத்தியார் சார், எந்த நாடு என்றாலும் திருவனந்தபுரத்திலிருந்து பாருங்கள். மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு வழி, சுமார் நூறு கிலோமீட்டர்தான். இன்னோவா இருக்கிறது, தை மாதம் கிராக்கி அதிகம், தேதியை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பர்மிட் சேர்த்தே ரேட் சொல்கிறேன்.